தாத்தா படத்தில் முகம் சாம்பல் பூத்துத் தெரிகிறதா?

கும்பகோணத்திலிருந்து கேட்டிருந்தீர்கள்: கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்துத் தாத்தாவை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறீர்கள், நிழல் பக்கம் சாம்பல் பூத்திருக்கிறது, 10 நாளாகியும் கன்னம் ஒட்டுகிறது என்று.

சாம்பலுக்குக் காரணம், நிழலில் நீங்கள் கலந்த கறுப்பும் வெள்ளையும். இரண்டும் சேர்ந்தால் நீலம் பாய்ந்த சாம்பல்தான் வரும். நிழலுக்கு வெள்ளையே வேண்டாம். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் துளி அல்ட்ராமரின் நீலம் சேர்த்து மெல்லிசாகப் பூசுங்கள். வயல் வெயிலில் கறுத்த நம்மூர் முகத்துக்கு அந்தச் செம்பழுப்பு அழகாகப் பொருந்தும். வெளிச்சப் பக்கத்துக்கு எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் டைட்டானியம் ஒயிட். நெற்றி மேட்டிலும் மூக்கு நுனியிலும் மட்டும் கெட்டியாக வையுங்கள். திருநீற்றுப் பட்டையை ஒரே வெள்ளையில் இழுத்துவிடாதீர்கள். நெற்றி வளைந்து நிழலுக்குள் போகும் இடத்தில் பட்டையும் மங்க வேண்டும். இல்லாவிட்டால் முகத்தில் காகிதம் ஒட்டியதுபோல் துருத்தும்.

ஒட்டுவதற்கு வருவோம். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது மெதுவாக நடக்கும். எண்ணெய் கூடினால் இன்னும் தாமதம். முதல் பூச்சைப் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பில், வண்ணத்தை நீர்க்க வைக்கும் டர்பன்டைன் மட்டும் விட்டுப் பூசுங்கள், அது சீக்கிரம் உலரும். அடுத்தடுத்த பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தலைகீழாகச் செய்தால் பின்னால் பூச்சு விரிசல் விடும். தேங்காய் எண்ணெய் கலக்கவே கூடாது, அது இறுகாது. ஒட்டும் கன்னத்தைக் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி பூசுங்கள். படத்தை வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். வார்னிஷ் 6 மாதம் கழித்துத்தான்.