கால்நடை கிளினிக் உதவியாளர்களுக்கு அவசர சிகிச்சைப் பயிற்சி: எதில் தொடங்குவது?

வணக்கம் டாக்டர். மயக்க மருந்து கொடுத்த நாய்க்கு மூச்சு நின்றதும் உதவியாளர்கள் இருவரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். எதை முதலில் பழக்குவது என்பதுதானே கேள்வி?

நெஞ்சழுத்தம். மற்றதெல்லாம் அப்புறம். நாய் அசைவில்லாமல், மூச்சில்லாமல் கிடந்தால் நாடியைத் தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம், உடனே நெஞ்சைக் கைகளால் அழுத்தச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பக்கவாட்டில் கிடத்தி, மார்பு அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது அமுங்கணும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுசாக எழும்பணும். கை வைக்கும் இடம் நாய்க்கு நாய் மாறும். லாப்ரடாருக்கு மார்பின் அகலமான பகுதி. சிப்பிப்பாறை மாதிரி ஒடுங்கிய ஆழமான நெஞ்சுக்கு நேராக இதயத்தின் மேல். புல்டாக்கை மல்லாத்திப் போட்டு அழுத்தலாம்.

2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். களைத்தவர் தானாக ஒத்துக்கொள்ள மாட்டார்!

மூச்சுக்குழாயில் குழாய் போட்டபின் நிமிடத்துக்கு 10 மூச்சு போதும். பதற்றத்தில் ஆம்பு பையை (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) படபடவென்று அமுக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துவிடும். இதை அவர்களுக்குக் காரணத்தோடு விளக்குங்கள், வெறும் எண்ணாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

விலை உயர்ந்த மாதிரி உடல் வேண்டாம், பெரிய துணி பொம்மை நாயே போதும். விலங்குகளுக்கான உயிர்காப்பு முதலுதவி பற்றிய 'ரெக்கவர்' (RECOVER) வழிகாட்டுதல்கள் 2012இல் வந்தவை, 2024இல் புதுப்பிக்கப்பட்டன, அதைப் படியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை வையுங்கள், முன்னறிவிப்பு இல்லாமல். இதயம் நின்றால் ஊசியில் போடும் அட்ரினலின் மருந்தின் அளவை எடைவாரியாக மில்லியில் கணக்கிட்டு மேசைக்கு மேல் ஒட்டிவிடுங்கள்.