உளுவத்தலையனும் இளவரசரின் மூத்திரச்சட்டியும்

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கொடைக்குத் தோல்பாவைக்கூத்து வைத்தோம். கூத்தில் வரும் கோமாளிப் பாவைகளான உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும் பேசிய பச்சைப் பேச்சைக் கேட்டுப் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். படிக்காத சனங்களுக்குத்தான் இந்தக் கீழ்த்தர ரசனை என்கிறார் என் அண்ணன். சரியா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: அண்ணனிடம் 1792-இல் லண்டனில் விற்ற ஒரு படத்தைக் காட்டுங்கள். கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே செதுக்கியது. வேல்ஸ் இளவரசர் மூக்குமுட்டத் தின்றுவிட்டு, சட்டைப் பொத்தான் தெறிக்கும் தொந்தியோடு சாய்ந்து கிடந்து முள்கரண்டியால் பல் குத்துகிறார். பின்னால் நிரம்பி வழிகிற மூத்திரச்சட்டி, அதற்கடியில் கட்டாத கடன் சீட்டுகள். பக்கத்திலேயே மேகநோய்க்கு, அதாவது பால்வினை நோய்க்கு, மருந்து. உளுவத்தலையன் இதைவிட மோசமாக என்ன சொல்லிவிட்டான்?

இதையெல்லாம் வாங்கியது யார்? செப்புத்தகட்டில் செதுக்கி, அச்சடித்து, கையால் வண்ணம் பூசிய தாள். கூலிக்காரன் வாங்க நினைத்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். வாங்கியவர்கள் பிரபுக்களும் வசதிக்காரர்களும். விருந்து நடக்கிற ராத்திரிக்கு இந்தப் படக் கட்டுகளை வாடகைக்கு விட்ட கடைகூட லண்டன் பிக்காடில்லித் தெருவில் இருந்தது. காசில்லாதவன் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று இனாமாகச் சிரித்தான். ரசனை கெட்டவன் என்ற பெயர் அவனுக்குத்தான்.

பூதப்பாண்டிப் பக்கம் நான் சின்ன வயதில் பார்த்த கூத்திலும் முன்வரிசை நாற்காலியில் ஊர்த் தலைவரான முதலடி இருப்பார், நாங்கள் மணலில். பச்சைப் பேச்சு வந்ததும் நேரியலை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவார். மறுநாள் டீக்கடையில், "என்னவே, கண்டதையும் பேசுகான்" என்பார்.

அதற்காகக் கில்ரேயை ஏழைபங்காளன் என்று நினைத்துவிடாதீர்கள். அதே 1792-இல் பாரிஸ் ஏழைகள் குடும்பத்தோடு உட்கார்ந்து மனித மாமிசம் தின்பதாக வரைந்தவரும் அவர்தான். 1797 முதல் அரசுத் தரப்பிலிருந்து வருஷத்துக்கு 200 பவுண்டு வாங்கினார்.

எனக்குப் பிடித்தவர் பிரான்சின் கேலிச்சித்திரக்காரர் டோமியே. 1831-இல் மன்னர் லூயி பிலிப்பின் சிம்மாசனத்தையே கக்கூசாக்கிவிட்டார். ஏழைகள் கூடை கூடையாகக் காசு சுமந்து, பலகைமேல் ஏறி ராஜா வாயில் கொட்டுகிறார்கள். கீழே பட்டமும் பதவியுமாக விழுகிறது. கனவான்கள் சுற்றி நிற்கிறார்கள். இதற்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை! அசிங்கத்துக்காகத் தண்டித்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எனவே உளுவத்தலையனை மரியாதையாகப் பேசச் சொல்லாதீர்கள், அவன் செத்துப்போவான். பெண்களையும் ஊனமுற்றவர்களையும் இழுக்கிற வசனங்களை விட்டுவிடச் சொல்லுங்கள். கொடைக்கு வரி கொடுத்த உங்களுக்கு அந்த உரிமை உண்டு. வயிறு, கடன், வட்டிக்காரன் சமாச்சாரம் இருக்கட்டும். ஒன்று, அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். நடுக்கூத்தில் திரைக்குப் பின்னால் போய்ச் சொன்னால், அடுத்த காட்சியில் உளுவத்தலையன் உங்களைப் பற்றித்தான் பேசுவான்.