பாலிலிருந்து மருந்து: மகளை இந்தப் படிப்புக்கு அனுப்பலாமா?

ஐயா, "நாலு மாட்டை வைத்துப் பிழைக்கிறோம். பாலிலிருந்து கிருமிக்கு மருந்து கண்டுபிடிக்கிற படிப்புதான் வேண்டும் என்கிறாள். சோறு போடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். போடும். பிளஸ் டூ முடித்ததும் எந்தப் பட்டத்தில் சேருகிறாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மகள் சொல்வது கற்பனை இல்லை. பாலில் லாக்டோஃபெரின் என்றொரு புரதம் உண்டு. இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடும். அதை வயிற்றில் சுரக்கும் பெப்சின் என்ற செரிமான நொதி வெட்டும்போது 25 அமினோ அமிலங்கள் (புரதத்தின் அடிப்படை அலகுகள்) கொண்ட லாக்டோஃபெரிசின் என்ற சிறு துண்டு கிடைக்கிறது. முழுப் புரதத்தைவிட இதற்கு வீரியம் அதிகம். பாக்டீரியாவின் மேலுறையையே குலைத்துவிடும். ஜப்பானில் மொரினாகா பால் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் இதைக் காட்டினார்கள்.

மடிநோய்க்குக் காம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டு, சில நாள் பாலைக் கீழே கொட்டிய வலி உங்களுக்குத் தெரியும். இந்தத் துண்டுகளை அங்கே பயன்படுத்த முடியுமா என்றுதான் உலகம் முழுவதும் பார்க்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதால், கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலப்பதை நம் அரசே 2019-இல் தடை செய்தது.

ஆனால் இது மெதுவாக நகரும் துறை. பிரிட்டனில் சுமார் 2,200 குறைமாதக் குழந்தைகளிடம் மாட்டுப்பால் லாக்டோஃபெரினைச் சோதித்தார்கள். தொற்று குறையவில்லை என்று 2019-இல் முடிவு வந்தது. சோதனைக்கூடத்தில் ஜெயித்தது உடம்புக்குள் தோற்கலாம். அதனால், ஆராய்ச்சி தள்ளிப்போனாலும் கையில் தொழில் இருக்கும் பட்டத்தையே முதலில் வாங்கட்டும்.

என் முதல் தேர்வு கால்நடை மருத்துவம். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். அடுத்தது சென்னைக்கு அருகே உள்ள கொடுவேளி கல்லூரியில் நாலு வருட பி.டெக் பால்வளத் தொழில்நுட்பம். அதற்குக் கணிதம் படித்திருக்க வேண்டும். அப்புறம் மேற்படிப்புக்கு ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. முதுநிலை முடித்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தகுதி) பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். வெறும் பயோடெக்னாலஜி இளநிலைப் பட்டத்தோடு நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் ஊர் கால்நடை மருந்தக டாக்டரிடம் கேட்டு, மடிநோய்ப் பரிசோதனை செய்யும் நாளில் மகளைக் கூட அனுப்புங்கள். தொழுவத்து வேலை பிடிக்கிறதா, ஆய்வகம் பிடிக்கிறதா என்று அவளே சொல்வாள். அதற்குள் விண்ணப்பத் தேதி வந்தால் இரண்டு படிப்புக்கும் போட்டு வையுங்கள்.