லூசியானாவில் மட்டும் ஏன் 'பாரிஷ்'?

கேள்வி: அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள உள்ளாட்சிப் பிரிவு) இருக்க, லூசியானா மாநிலத்தில் மட்டும் ஏன் பாரிஷ்? சர்ச்தான் நிர்வாகம் செய்கிறதா? கோர்ட்டும் பாரிஷ் கணக்கில்தானா?

சர்ச்சிடம் இன்று எந்த அதிகாரமும் இல்லை, பெயர் மட்டும்தான் மிச்சம். பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிகளில் கத்தோலிக்கப் பங்குகளை (ஒரு சர்ச்சைச் சேர்ந்த பகுதி; ஆங்கிலத்தில் 'பாரிஷ்') வைத்தே மக்கள் தங்கள் ஊர்ப்பகுதியைச் சொல்லிப் பழகியிருந்தார்கள். லூசியானாவை அமெரிக்கா வாங்கிய பிறகு 1805-இல் 12 கவுண்டிகள் போட்டுப் பார்த்தார்கள்; சரிப்படவில்லை. 1807-இல் 19 பாரிஷ்கள் வந்தன. கவுண்டி என்ற சொல்லை 1845 அரசியலமைப்பு கைவிட்டது. இப்போது 64 பாரிஷ்கள்.

சுவாரசியம் எங்கே என்றால், தொடக்கத்தில் நிர்வாகமும் நீதியும் ஒரே மேசையில் இருந்தன. பாரிஷ் நீதிபதி, அமைதி நீதிபதிகள் (சிறு வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் நீதிபதிகள்), ஊர்க்காரர்கள் 12 பேர் கொண்ட ஜூரி, இவர்கள் கூடி சாலை, வெள்ளத் தடுப்புக் கரை வேலைகளை முடிவு செய்தார்கள். அதனால்தான் பல பாரிஷ்களில் இன்றும் நிர்வாக சபைக்குப் பெயர் 'போலீஸ் ஜூரி'. அவர்கள் போலீசும் இல்லை, தீர்ப்பும் சொல்வதில்லை! சாலை, வடிகால், பட்ஜெட் பார்க்கிறவர்கள். (முதல் தடவை கேட்டபோது நானும் குழம்பினேன்.)

கோர்ட் விஷயம் தனி. மாவட்ட நீதிமன்ற எல்லைக்குள் ஒரு பாரிஷும் இருக்கலாம், பலவும் இருக்கலாம். 16-ஆவது நீதி மாவட்டத்தில் ஐபீரியா, செயின்ட் மார்ட்டின், செயின்ட் மேரி என மூன்று. ஆனால் ஷெரிஃபும் (சட்ட அமலாக்க அதிகாரி) நீதிமன்ற எழுத்தரும் பாரிஷுக்குப் பாரிஷ் தேர்தலில் வருகிறவர்கள். நிலப் பத்திரம் பதியவும் பொதுவாக அந்த எழுத்தர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆர்லியன்ஸ் பாரிஷ் மட்டும் விதிவிலக்கு: நியூ ஆர்லியன்ஸ் நகரமும் பாரிஷும் ஒரே எல்லை, சிவிலுக்கு ஒரு மாவட்ட நீதிமன்றம், கிரிமினலுக்கு இன்னொன்று.