இடுப்பு மூட்டு மாற்றியபின்: உங்கள் கேள்விகளும் ஒரு பிசியோதெரபிஸ்டின் பதில்களும்

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். மாத்திரை மருந்து விஷயத்தில் உங்கள் சர்ஜன் சொல்வதுதான் முடிவு. படிக்கும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள் என்று அதில் இருக்கும். பல பதில்கள் அதைப் பொறுத்தே மாறும்.

மேடம், அம்மாவுக்கு 71 வயது. பாத்ரூமில் விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, மூட்டு மாற்றியிருக்கிறார்கள். பின்பக்கமாகத் திறந்ததாகச் சொன்னார்கள். நாளை டிஸ்சார்ஜ். வீட்டில் இந்தியன் டாய்லெட்தான் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் டாய்லெட்டைத்தான் கவனிக்க வேண்டும். குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது. சர்ஜிகல் கடைகளில் நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி கிடைக்கும். கைப்பிடி உள்ளதாக, நான்கு கால்களிலும் ரப்பர் புஷ் உள்ளதாகப் பார்த்து வாங்கி, பேசினுக்கு மேலேயே போட்டுவிடலாம். அம்மா உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், அதுதான் அளவு. கழுவும்போது உடம்பைத் திருப்பி, குனிந்து எட்டுவார்கள். அந்த ஒரு அசைவில் மூட்டு நழுவிவிடலாம். ஹெல்த் ஃபாசெட்டை உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிற இடத்துக்கு மாற்றுங்கள்.

ஹாலில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி பெரும்பாலும் தாழ்வாகத்தான் இருக்கும். ஒரே மாதிரி இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் சரியான உயரம் வரும். ஆடாமல் இருக்கிறதா என்று நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு அம்மாவை உட்கார வையுங்கள். சோபா வேண்டாம், உள்ளே அமுங்கிவிடும். மிதியடிகளை எல்லாம் சுருட்டி வையுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ஏற்கனவே ஒருமுறை விழுந்தவர், இன்னொரு முறை விழக்கூடாது.

பின்பக்கம் திறந்தவர்களுக்கு முக்கியமாக மூன்று விஷயங்கள். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, ஆபரேஷன் ஆன காலை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. வழக்கமாக ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை சொல்வார்கள். கீழே விழுந்த செல்போனைக் குனிந்து எடுப்பதும் இதில் அடக்கம்.

வணக்கம் மேடம். வயது 63. மூன்று வாரம் ஆகிறது. வீட்டுக்குள் ஸ்டிக் இல்லாமலே நடக்கிறேன். கொஞ்சம் சாய்ந்து நடப்பதாக மனைவி சொல்கிறாள். பரவாயில்லையா?

ஐயா, உங்கள் மனைவி சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். ஸ்டிக்கைத் திரும்ப எடுங்கள். எல்லோரிடமும் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான். சீக்கிரம் ஸ்டிக்கை விட்டவரைச் சொந்தக்காரர்கள் பாராட்டுவார்கள், ஆனால் அந்தச் சாய்வு பழக்கமாகிவிட்டால் பிறகு திருத்துவது பெரும் பாடு.

இடுப்பின் பக்கவாட்டில், பேன்ட் பாக்கெட்டுக்குச் சற்று மேலே ஒரு தசை இருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்கும் நொடியில் இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். சாதாரண நடையிலேயே மூட்டின்மேல் உடல் எடையைப் போலச் சுமார் இரண்டரை மடங்கு அழுத்தம் விழும். வலியில் காலைத் தாங்கித் தாங்கி நடந்த காலத்திலேயே அந்தத் தசை இளைத்திருக்கும். புது மூட்டு வந்துவிட்டது, ஆனால் அதைப் பிடிக்கும் தசைக்கு இன்னும் பலம் வரவில்லை. அதனால்தான் சாய்கிறீர்கள்.

ஸ்டிக்கை எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். வலது இடுப்பில் ஆபரேஷன் என்றால் இடது கையில். வலது காலும் ஸ்டிக்கும் ஒன்றாக முன்னே போக வேண்டும். அப்போதுதான் தசையின் சுமை குறையும். பலர் வலி இருக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள், அதில் பலன் இல்லை.

பயிற்சிக்குச் சமையல் மேடை போதும். இரண்டு கையாலும் பிடித்து நிமிர்ந்து நின்று, ஆபரேஷன் ஆன காலைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்குங்கள். ஒரு சாண் உயரம் போதும். விரல் முன்னே பார்க்க வேண்டும். பாதத்தை வெளியே திருப்பினால் வேறு தசை வேலை செய்துவிடும். ஆனால் சம்மரியைப் பாருங்கள்: பக்கவாட்டில் திறந்திருந்தால் இதே தசையின் ஒரு பகுதியைப் பிரித்துத் தைத்திருப்பார்கள். அவர்கள் சர்ஜன் அனுமதி தரும்வரை இந்தப் பயிற்சியைத் தொடவே கூடாது. ஸ்டிக் இல்லாமல் கண்ணாடி முன் சாயாமல் நடக்க வந்த பிறகு ஸ்டிக்கை விடலாம்.

மாடிப்படி எப்படி ஏறுவது?

ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு ஆபரேஷன் கால், கடைசியில் ஸ்டிக். இறங்கும்போது ஸ்டிக் முதலில், அப்புறம் ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். ஒரு கை கைப்பிடிச் சுவரை விடக்கூடாது.

அக்கா, அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி 12 நாள். கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலி. எண்ணெய் தேய்த்துவிடலாமா?

தேய்க்காதீர்கள் தம்பி. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மாலையில் கால் கொஞ்சம் வீங்கி, தூக்கி வைத்துப் படுத்தால் வடிவது சாதாரணம். கெண்டைக்கால் வலியோடு வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கலாம், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108.

ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைச் சுமார் ஐந்து வாரம் வரைகூடத் தருவார்கள். "நன்றாகத்தானே நடக்கிறார்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே போல, திடீரென்று பொறுக்க முடியாத வலி வந்து, கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டு, ஊன்றவே முடியாவிட்டால் மூட்டு நழுவியிருக்கும். யாரும் இழுத்துச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது.

கத்திரிக்காய், மீன், புளி எல்லாம் சேர்த்தால் புண் சீழ் பிடிக்கும் என்று மாமியார் தருவதில்லை. ரசம் சாதம்தான்.

அக்கறையில் செய்கிறார்கள், கோபப்படாதீர்கள். ஆனால் ரசம் சாதத்தில் புண் ஆறாது, தசையும் வளராது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் எல்லாம் வேண்டும். வலி மாத்திரையால் மலம் கட்டும், அதனால் கீரை, பழம், தண்ணீர். சீழ் பிடிப்பதற்குப் பயப்பட வேண்டியது சர்க்கரை நோய்க்குத்தான், கத்திரிக்காய்க்கு அல்ல. காயத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் போடாதீர்கள். கசிவு, சிவப்பு, காய்ச்சல் இருந்தால் சர்ஜனைப் பாருங்கள்.

வயது 34. ஸ்டீராய்டு எடுத்ததில் ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துவிட்டது, வலது இடுப்பு மாற்றி நான்கு மாதம். இந்த மூட்டு எவ்வளவு வருஷம் உழைக்கும்? பைக் ஓட்டலாமா?

இன்றைய மூட்டின் அடிப்படை வடிவம் 1962-ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற சர்ஜன் செய்தது: உலோகத் தண்டு, பிளாஸ்டிக் கிண்ணம். பொருள்கள் அதன்பின் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வில், 25 வருடம் கழித்தும் சுமார் 58 சதவீத மூட்டுகள் தாக்குப்பிடித்திருந்தன. உங்கள் வயதுக்கு இன்னொரு ஆபரேஷன் வரலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக முடங்க வேண்டாம் தம்பி. நடை, நீச்சல், சைக்கிள் நல்லது. ஓட்டம், குதித்தல் குறைவாக. பைக்கைப் பொறுத்தவரை, சர்ஜன் சரி சொன்னபின், வண்டி சாய்ந்தால் ஆபரேஷன் காலை ஊன்றித் தாங்க முடிகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மற்ற இடுப்பையும் விடாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இந்த நோய் இரண்டு பக்கமும் வருவது சகஜம்.

ஒரு கால் நீளமாகத் தெரிகிறது மேடம். பயமாக இருக்கிறது.

ஆரம்பத்தில் பலருக்கும் அப்படித்தான் தோன்றும். இறுகிய தசைகள் இடுப்பைச் சாய்த்து வைத்திருக்கும், அவை தளரத் தளர அந்த உணர்வு குறையும். மூன்று மாதம் பொறுங்கள், அதற்குள் செருப்புக்கு அடியில் அட்டை வைக்காதீர்கள். அப்புறமும் இருந்தால் எக்ஸ்ரேயில் அளந்து பார்க்கலாம்.

தொழுகைக்கு எப்போது தரையில் அமரலாம்? கிரிவலம் போகலாமா என்று பக்கத்து வீட்டம்மாவும் கேட்கிறார்.

தொழுகையை நாற்காலியில் அமர்ந்தே தொடருங்கள் பாய். சுஜூதுக்கு, அதாவது நெற்றியைத் தரையில் வைப்பதற்குப் பதிலாக, தலையை லேசாகத் தாழ்த்தினால் போதும், 90 டிகிரி கணக்கு அங்கும் உண்டு. தரையில் அமர்வதைப் பிறகு சர்ஜனிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்: திருவண்ணாமலை கிரிவலம் சுமார் 14 கிலோமீட்டர். தினமும் நடையைக் கூட்டி, சாய்வில்லாமல் ஐந்தாறு கிலோமீட்டர் வந்தபின் யோசிக்கலாம். பௌர்ணமிக் கூட்டத்தில் மட்டும் வேண்டாம், சாதாரண நாளில் போகட்டும்.

எங்கள் ஊரில் பிசியோ கிடையாது. டவுனுக்குப் பஸ்ஸில்தான் போகணும்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஊருக்கு வரும் நர்ஸிடமோ பெயரைப் பதிந்து கேளுங்கள். பஸ் படி உயரம், ஆரம்ப வாரங்களில் அதில் ஏற வேண்டாம். காரில் போக நேர்ந்தால் முன் சீட்டைப் பின்னே தள்ளி, சாய்த்துவிட்டு, முதலில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுங்கள்.

ஏர்போர்ட்டில் சத்தம் போடுமா? பல் பிடுங்கலாமா?

போடலாம், ஆபரேஷன் ஆனதைச் சொன்னால் கையால் சோதித்து விடுவார்கள். பல் வேலைக்கு முன் மூட்டு மாற்றியிருப்பதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முதல் சில மாதங்களுக்குள் என்றால் சர்ஜனையும் கேட்டுவிட்டுப் போங்கள்.