ஏறுகிற டயர் வேறு, அனுமதி உள்ள டயர் வேறு

கேள்வி: என் காரில் இருப்பது 195/65 ஆர் 15 டயர். அதே மாடலின் விலை கூடிய வேரியன்ட் 205/55 ஆர் 16 டயரோடு வருகிறது. ‘தாராளமாகப் போடலாம், கச்சிதமாக உட்காரும்’ என்கிறார் கடைக்காரர். என் வண்டிக்கு எந்தெந்த அளவுகளுக்குச் சட்டப்படி அனுமதி என்று எங்கே பார்ப்பது?

பதில்: உட்காருமா என்பது கடைக்காரருக்குத் தெரியும். அனுமதி உண்டா என்பதை வண்டியின் ஆவணங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த அனுமதி மாடலின் பெயருக்குத் தரப்படுவதில்லை. எஞ்சின், வேரியன்ட், தயாரித்த ஆண்டு ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும்.

முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் தூணைப் பாருங்கள். அங்கே, அல்லது கதவின் விளிம்பில், ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருப்பார்கள். டயர் அளவும், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் முன்சக்கரம், பின்சக்கரத்தில் இருக்க வேண்டிய காற்றழுத்தமும் அதில் இருக்கும். சில தயாரிப்பாளர்கள் அனுமதியுள்ள எல்லா அளவுகளையும் அச்சிடுகிறார்கள். சிலர் தொழிற்சாலையில் மாட்டி அனுப்பியதை மட்டும் போட்டு விட்டுவிடுகிறார்கள். எனவே அங்கே இல்லாத அளவெல்லாம் தடை செய்யப்பட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்தது, வண்டியோடு வந்த கையேடு. கடைசிப் பக்கங்களில் உள்ள தொழில்நுட்ப விவரங்களில் டயர் அட்டவணை இருக்கும். எல்லா எஞ்சின்களுக்கும் ஒரே அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். பக்கத்து வரியைப் படித்துவிட்டுத் தப்பான டயர் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அடிக்குறிப்புகளையும் விடாமல் படியுங்கள். ‘இந்த அளவில் மட்டுமே பனிச் சங்கிலி மாட்டலாம்’ போன்ற நிபந்தனைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பதிவுச் சான்றிதழை மட்டும் நம்ப முடியாது. ஜெர்மனியில் 2005-இல் வந்த புதிய சான்றிதழில் ஒரே ஓர் அளவுதான் இருக்கும். அனுமதியுள்ள மற்ற அளவுகளை வேறு ஆவணங்களில்தான் தேட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் கார்களுக்குத் தரப்படும் இணக்கச் சான்றிதழில் 35-ஆம் இனம் டயர், ரிம் பற்றியது. இப்படி எந்தக் காகிதமும் கைவசம் இல்லையென்றால், 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் எண்ணைக் கொடுத்து, தயாரிப்பாளரிடமோ அவருடைய டீலரிடமோ பட்டியலை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் ‘போடலாம் சார்’ எந்தச் சோதனையிலும் உதவாது.

பட்டியலில் 205/55 ஆர் 16 இருந்தால் மட்டும் வேலை முடியவில்லை. அதன் அருகே ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது) இருக்கும்: 6.5 ஜே, ஈ.டி. 46 என்பதுபோல. அனுமதி டயருக்கும் ரிம்முக்கும் சேர்த்துத்தான். ஆஃப்செட் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதோ, ஆள் நிறைய ஏறும்போதோ வீல் ஆர்ச்சில் உரசும். வெளியில் வாங்கும் அலாய் வீலாக இருந்தால் அதற்குத் தனியாக ஒப்புதல் வேண்டிய நாடுகள் உண்டு. ரிம் தயாரிப்பாளர் தரும் சான்றில் உங்கள் வண்டியின் வகை இருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாகவும் சிக்கல் வரும். சக்தி கூடிய எஞ்சினுக்குப் பெரிய பிரேக் இருக்கும். சின்ன எஞ்சினின் 15 அங்குல ரிம் அதில் காலிப்பரை (பிரேக் தட்டை அழுத்திப் பிடிக்கும் பாகத்தை) முட்டும்.

கேள்வி: டயரின் விட்டத்தில் வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருந்தால் சட்டம் ஒன்றும் செய்யாது என்கிறார்களே?

பதில்: அது தொழிலில் புழங்கும் கைக்கணக்கு, அனுமதிப் பட்டியலுக்கு மாற்று ஆகாது. கணக்கைப் போட்டே பார்க்கலாம். 195 என்பது மி.மீ.-இல் டயரின் அகலம். அதில் 65 சதவீதம், அதாவது 126.75 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழுமாக அது இரண்டு முறை, நடுவில் 15 அங்குல ரிம் 381 மி.மீ. ஆக மொத்த விட்டம் 634.5 மி.மீ. இதே முறையில் 205/55 ஆர் 16-க்கு 631.9 வருகிறது, வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. 205/65 ஆர் 15 போட்டால் 647.5, அதாவது 2 சதவீதம் கூடுதல். 215/65 ஆர் 15 என்றால் 660.5, 4 சதவீதம் கூடுதல்.

டயர் பெரிதானால் வேகமானி குறைத்துக் காட்டும். பழைய டயரில் அது மிகச் சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், 4 சதவீதம் பெரிய டயரில் 100 காட்டும்போது வண்டி 104-இல் போகும். ஐ.நா. விதி எண் 39-இன்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் வரம்பு உண்டு. ஆனால் 3 சதவீதக் கணக்கு பார்ப்பது விட்டத்தை மட்டுமே. டயர் எவ்வளவு எடை தாங்கும், ரிம் அகலத்துக்கு ஒத்துவருமா, எங்காவது உரசுமா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் கிடையாது.

கேள்வி: ஸ்டிக்கரில் 91 ஹெச் என்று இருக்கிறது. கடையில் 91 டி-யும் 95 ஹெச் எக்ஸ்.எல்.-உம் கிடைக்கின்றன. அளவு ஒன்றுதான். எதை வாங்க?

பதில்: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 95 என்றால் 690 கிலோ. எழுத்து உச்ச வேகத்தைச் சொல்லும்: ஹெச் மணிக்கு 210 கி.மீ., டி 190 கி.மீ. எக்ஸ்.எல். என்பது கூடுதல் எடை தாங்கும் வகை. இரண்டிலும் குறிப்பிட்டதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதனால் 95 ஹெச். குளிர்கால டயருக்கு மட்டும், ஓட்டுநர் கண்ணில் படும்படி வேக வரம்பை ஒட்டிவைத்தால், குறைந்த வேகக் குறியீட்டை ஏற்கும் ஐரோப்பிய நாடுகள் உண்டு. எடை எண்ணில் அந்தச் சலுகை இல்லை. எக்ஸ்.எல். டயர் அந்தக் கூடுதல் எடையைத் தாங்க வேண்டுமென்றால் காற்றும் கூடுதலாக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: வாங்கப் போகும் பழைய காரில் டயர் அளவும் ஸ்டிக்கரும் ஒத்துப்போகவில்லை. விட்டுவிடவா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நான்கு டயர்களிலும் உள்ளதை வரிக்கு வரி குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்த அளவு கையேட்டில் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால், மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கிய காகிதத்தையோ பதிவுச் சான்றிதழில் அதற்கான குறிப்பையோ விற்பவரிடம் கேளுங்கள். ஸ்டெப்னியையும் எடுத்துப் பாருங்கள்: அது முழு அளவுச் சக்கரமாக இருந்தால், தொழிற்சாலை அளவு பெரும்பாலும் அதில் அப்படியே இருக்கும். காகிதம் இல்லையென்றால், சரியான நான்கு டயர்களுக்கும் தேவைப்பட்டால் ரிம்களுக்கும் ஆகும் செலவை விலையில் கழியுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கப்போவது உங்களைத்தான், பழைய உரிமையாளரை அல்ல.

கேள்வி: முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு போடலாமா?

பதில்: பட்டியலே அப்படிச் சொன்னால் போடலாம், சில ஸ்போர்ட்ஸ் கார்கள் அப்படித்தான் வருகின்றன. ஒரே அச்சில் இடமும் வலமும் வேறுபடவே கூடாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் அளவு ஒன்றாக இருந்தும், முன் டயர் தேய்ந்து பின் டயர் புதிதாக இருந்தாலே சுற்றளவு மாறி, முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் சூடாகும். அங்கே நான்கையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.