முதல் தடவை வலசை போகும் கழுகுக்கு வழி சொல்வது யார்?

"பல ஆயிரம் கிலோமீட்டர் வலசை போகும் கழுகுகளின் மூளையில் ஜிபிஎஸ் மாதிரி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'ஜிபிஎஸ்' என்ற சொல்லுக்காகவே இந்தப் பதில். பறவையின் அலகில் இரும்புத்துகள் இருக்கிறது, அதுதான் காந்த ஊசி என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. புறா அலகில் இருந்த அந்த இரும்புச் செல்களை 2012-இல் திரும்பச் சோதித்தார்கள். அவை நரம்புச் செல்களே இல்லை, மேக்ரோஃபேஜ் எனும் நோய் எதிர்ப்புச் செல்கள் என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும் பழைய கதைதான் பரவுகிறது.

இருப்பிடத்தைப் பதிவு செய்யும் டேக் கருவி மாட்டிய கழுகு ஒன்றின் பயண வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கோட்டை அப்படியே நம்பாதீர்கள். மணிக்கு ஒரு புள்ளி பதிவானால், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கணினி நேர்கோடு போட்டுவிடும். முதுகிலுள்ள சோலார் தகட்டை இறகு மூடிவிட்டால் பாதி நாள் புள்ளியே வராது, கோடு இன்னும் நீளும். நொடிக்கு ஒரு புள்ளி எடுத்துப் பார்த்தால் படமே வேறு: சுருள், சறுக்கல், மறுபடி சுருள்.

அந்தச் சுருள், தெர்மல் எனும் சூடான காற்றுத் தூணில் பறவை வட்டமடித்து ஏறும் தடம். கனமான பறவைக்கு இறக்கை அடித்துப் பறப்பது கட்டுப்படியாகாது. அதனால் வெயில் ஏறித் தரை சூடாகும்வரை கிளையிலேயே உட்கார்ந்திருக்கும். சூடான காற்று தூணாக எழத் தொடங்கியதும் கிளம்பும். தூணின் ஓரத்தைத் தொடும்போது ஒரு பக்க இறக்கைதான் முதலில் தூக்கும். ஏற்றம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே சாய்ந்து வட்டமடிக்கும். நுனி இறகுகள் விரல்போலப் பிரிந்திருக்கும், வால் விசிறியாக விரிந்திருக்கும். ஏற்றம் தளர்ந்ததும் வாலைச் சுருக்கி, இறக்கையைச் சற்றுப் பின்னுக்கு மடித்துக்கொண்டு போகவேண்டிய திசையில் சறுக்கும். 1000 மீட்டர் உயரம் கிடைத்தால், எதிர்காற்று இல்லாதபோது 10 கிலோமீட்டருக்கு மேல் ஒரு தடவைகூட இறக்கை அடிக்காமல் போகலாம். அடுத்த தூண் எங்கே? திரண்டு நிற்கும் மேகத்தின் அடியில், வெயில் விழும் பாறைச் சரிவில். எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம், முன்னால் ஏற்கெனவே வட்டமடிக்கும் இன்னொரு பறவை.

கடல்மேல் இந்தத் தூண் சரியாக எழாது. பாதை வளைவது அதனால்தான். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே போகும் பெரிய பறவைகள் 14 கிலோமீட்டர் அகலமுள்ள ஜிப்ரால்டர் நீரிணையையோ, துருக்கியின் பாஸ்பரஸ் நீரிணையையோ தேடிப் போகும். ஜிப்ரால்டரில் பலத்த கிழக்குக் காற்று வீசினால் கரையிலேயே நாள்கணக்கில் காத்திருக்கும். கருங்கடலுக்கும் காகசஸ் மலைக்கும் இடையிலுள்ள ஜார்ஜியாவின் பத்தூமியில் ஓர் இலையுதிர் காலத்தில் 10 லட்சத்துக்கு மேல் வேட்டைப் பறவைகள் கடக்கின்றன. மெக்சிகோவின் வெராக்ரூஸில் 40 லட்சத்துக்கு மேல்.

இனி திசை. சூரியன் மணிக்குச் சராசரியாக 15 பாகை நகர்கிறது. அதை வைத்துத் திசை பிடிக்கும் பறவை உடல் கடிகாரத்தால் கணக்கைத் திருத்திக்கொண்டே வரவேண்டும். திருத்தாவிட்டால் ஆறு மணி நேரத்தில் தெற்கு நோக்கிக் கிளம்பியது மேற்கே போய்க்கொண்டிருக்கும். அடுத்தது பூமியின் காந்தப்புலம். பறவைக்குத் தெரிவது வடக்கு, தெற்கு என்ற முனை கிடையாது. காந்தக்கோடு தரைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான். பூமத்திய ரேகையருகே கோடு படுத்திருக்கும், துருவத்தில் செங்குத்தாக நிற்கும். இதை உணர்வது கண்ணின் விழித்திரையிலுள்ள கிரிப்டோகுரோம் புரதம் என்பது இப்போது வலுவான கருத்து.

"அதெல்லாம் சின்னப் பறவைகளில் செய்த சோதனை, கழுகுக்கு எப்படிப் பொருத்துகிறீர்கள்?" என்று யாராவது வருவார்கள். நியாயமான கேள்விதான். 2 மீட்டர் இறக்கை விரிக்கும் பறவையைச் சிறு கூண்டில் வைத்துக் காந்தப்புலத்தைத் திருப்பிப் பார்க்க வழியில்லை. கழுகிலும் அதே கருவிதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. டேக் தரவு காட்டுவதை மட்டும் சொல்கிறேன். விரால் அடிப்பான், தேன்பருந்து என்ற வேட்டைப் பறவைகளில், பக்கக் காற்று தள்ளினால் முதிர்ந்த பறவை ஈடுகட்டிப் பறக்கிறது, இளம் பறவை காற்றோடு ஒதுங்கிப் போகிறது. ஸ்பெயினில் 92 கரும்பருந்துகளைத் தொடர்ந்த ஆய்விலும், வயது ஏற ஏறப் பயணம் தேர்ச்சி பெறுவது தெரிந்தது. ஆக, இன்ன திசையில் இத்தனை நாள் போ என்பது பிறவியிலேயே வருகிறது. எங்கே வளைய வேண்டும் என்பது பழகி வருவது. பழகிய பாதையையும் மாற்றிக்கொள்ளும். 2022-இல் பெலாரஸுக்குத் திரும்பிய 19 பெரும் புள்ளிக் கழுகுகள் உக்ரைன் போர்ப்பகுதியைத் தவிர்த்துச் சராசரியாக 85 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தன.

முதல் தடவை போகும் குஞ்சுக்கு எங்கே வளைவது என்று காட்டுவது, பல இனங்களில் வானில் தெரியும் பெரியவர்கள்தான். மத்திய இத்தாலியின் பாம்புக்கழுகுகள் ஆப்பிரிக்கா போக முதலில் வடமேற்கே திரும்பி, பிரான்ஸ், ஸ்பெயின் சுற்றி ஜிப்ரால்டர் போகின்றன. பிறவித் திசைக்கு மாறான இந்த வளைவை இளம் பறவை தானாகக் கண்டுபிடிக்காது. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் மஞ்சள்முகப் பாறுகள் எனும் பிணந்தின்னிக் கழுகுகள் குறைந்துவிட்டதால் பின்தொடர ஆளில்லாத குஞ்சுகள் பல நேராகத் தெற்கே போய் மத்தியதரைக் கடலில் விழுந்து சாகின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும், மனசு கேட்கவில்லை. அடிபட்ட, கூட்டிலிருந்து விழுந்த இளம் பறவைகளை எடுத்து வளர்ப்பவர்கள் பலர், பறக்கத் தெரிந்துவிட்டது என்றதும் திறந்துவிடுகிறார்கள். அதற்குள் அந்த இனத்தின் கூட்டம் கடந்துபோய்ப் பல நாள் ஆகியிருக்கும். நல்ல மனசோடு செய்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெறும் வானத்தில் அந்தக் குஞ்சு யாரைப் பார்த்துத் திரும்பும்? பல்கேரியாவில் கூண்டில் பிறந்த மஞ்சள்முகப் பாறுகளை அதே வருஷம் விடாமல், குளிர்காலம் முழுக்க வைத்திருந்து அடுத்த வசந்தத்தில் விட்டார்கள். அவை கூடுதலாகப் பிழைத்தன. கூட்டம் போய்விட்டதென்றால் கூண்டைத் திறக்காதீர்கள், அடுத்த பருவம்வரை தீனி போட்டு வைத்திருங்கள்.